பல்லாவரத்துக் கல்லும் பார்க் தெருக் கல்லறைகளும்

மயானத்துக்குப் போய் வந்தால் வாசலிலேயே தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அப்படிப்பட்ட நம்மிடம், “ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஓர் இடுகாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று யாராவது சொன்னால் சற்று விபரீதமாகத்தான் தோன்றும். எனினும் இக்கட்டுரையில் நான் சொல்லப்போவது அதைத்தான்.

காரணம் இருக்கிறது. பழைய கல்லறைத் தோட்டம் என்பது இறந்தவர்களைப் பற்றிய இடம் மட்டுமன்று. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கல்லில் எழுதி வைத்திருக்கும் பதிவேடு. யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்த வயதில் எந்த நோயில் போனார்கள், அவர்களை நினைத்து அழ யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அங்கே படிக்கலாம். படிக்கும் முறை தெரிந்தால், கல்லில் எழுதாமல் விட்டவற்றையும் படிக்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து கல்கத்தாவில் வாழும் நமக்கு அந்தப் படிப்பில் தனிப்பட்ட அக்கறையும் இருக்கவேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்க் தெருவின் பழைய பெயர்

பார்க் தெருவில் கேக் வாங்கவும் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கவும் நாம் எல்லாரும் போகிறோம். இன்று அதற்கு மதர் தெரசா சரணி என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் பெயர் ‘பரியல் கிரவுண்ட் ரோடு’, அதாவது இடுகாட்டுச் சாலை. அக்காலத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எலைஜா இம்பே அங்கே மான்கள் உலவும் தோட்டம் வைத்திருந்தார். அந்தத் தோட்டத்தால்தான் பின்னாளில் ‘பார்க்’ தெரு என்று ஆயிற்று.

அந்தத் தெருவின் கிழக்குக் கோடியில், பழைய மோட்டார் சாமான்கள் விற்கும் மல்லிக் பஜாருக்கு அருகில், உயர்ந்த மதில் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளேதான் 1767ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம். ஊருக்குள் புனித ஜான் ஆலயம் இப்போது நிற்கும் இடத்தில் இருந்த பழைய இடுகாடு நிறைந்துவிட்டதால் ஊருக்கு வெளியே இந்த இடத்தை எடுத்தார்கள். அன்று இது சதுப்பும் புதருமாகக் கிடந்த புறம்போக்கு. இங்கே காணக்கிடைக்கும் கல்லறைகளில் மிகப் பழையது 1768இல் இறந்த ஒரு பெண்மணியுடையது. 1790 அளவிலேயே பெரும்பாலும் நிறைந்துவிட்ட போதிலும், 1830கள் வரை அடக்கங்கள் நடந்திருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் அடங்கிவிடும். இருபுறமும் பிரமிடுகள், கூர்நுனித் தூண்கள், குவிமாடம் வைத்த மண்டபங்கள். மாமரமும் பாசியும் ஈரமும். வங்காளிகளுக்கு இந்த இடம் சத்யஜித் ராய் எழுதிய ஃபெலுதா கதையால் நன்றாகத் தெரியும். 2010இல் அது திரைப்படமாகவும் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் கதையில் வரும் மர்மத்தைவிடப் பெரிய கதைகள் அந்தக் கற்களில் இருக்கின்றன.

முதலில் வயதைப் பாருங்கள்

கல்லறையைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரைத்தான் முதலில் தேடுவார்கள். நான் சொல்வது வேறு: முதலில் வயதைப் பாருங்கள், பிறகு மாதத்தைப் பாருங்கள். ஒரு வரிசையில் இருபது கற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இறந்த வயதையும் மாதத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். இருபது, இருபத்திரண்டு, இருபத்தெட்டு என்று வந்துகொண்டே இருக்கும். இளம் மனைவியும் அவள் பெற்ற சில நாள் குழந்தையும் ஒரே கல்லின் கீழ் இருப்பார்கள். ஒரே தாய் தகப்பனின் மூன்று நான்கு குழந்தைகள் ஒரே கல்லில் வரிசையாக எழுதப்பட்டிருப்பார்கள். மாதங்களில் மழைக்காலமும் அதை அடுத்த மாதங்களும் அடிக்கடி வரும்.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர், ஓராண்டு ஆகஸ்டு மாதத்தில் ஊரில் சுமார் 1200 ஆங்கிலேயர் இருந்ததாகவும், ஜனவரி பிறப்பதற்குள் அடக்கப் பதிவேட்டில் 460 பெயர்கள் ஏறிவிட்டதாகவும் எழுதி வைத்திருக்கிறார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! கும்பினியில் வேலை கிடைத்து, ஐந்து ஆறு மாதம் கப்பலில் வந்து, முதல் மழைக்காலத்தைத் தாண்டாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

என்ன நோய் என்று அவர்களுக்கே தெரியாது. சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். ‘மலேரியா’ என்ற சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதுதான். காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் தனியே பிரித்து உறுதிசெய்தது 1884இல், இதே கல்கத்தாவில். ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல் செகந்திராபாத்தில். கொசுக்கடியால் அது பறவைகளிடையே பரவுகிறது என்று நிரூபித்தது 1898இல், மறுபடியும் இதே கல்கத்தாவில். அவர் ஆய்வு செய்த பி.ஜி. மருத்துவமனைக்கும் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் இடையே அதிகத் தூரம் இல்லை. ஆனால் காலத் தூரம் நூறு ஆண்டு.

இங்கே ஒரு கல்லறையை உதாரணமாகச் சொல்லலாம். முறுக்கிவிட்டாற்போல் சுழன்று மேலே ஏறும் தூண் ஒன்று இருக்கும். அது ரோஸ் ஐல்மர் என்ற பெண்ணுடையது. தாயின் சகோதரி வீட்டில் இருப்பதற்காகக் கல்கத்தா வந்தவள், 1800ஆம் ஆண்டு மார்ச் மாதம் கடுமையான வயிற்றுப்போக்கால் இறந்தாள். வயது 20. அவளை இங்கிலாந்தில் அறிந்திருந்த வால்டர் சாவேஜ் லாண்டர் என்ற கவிஞர் அவள் நினைவாக எழுதிய சிறு கவிதை ஆங்கில இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அதை இந்தக் கல்லிலேயே பொறித்தும் வைத்தார்கள். கவிதையை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கரைத்த நீரைக் கொடுத்தே டாக்டர் திலீப் மகாலனபிஸ் பல்லாயிரம் உயிர்களைக் காப்பாற்றினார். அந்த முகாம் இருந்த பன்காவ் இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். இன்று நாம் மருந்துக்கடையில் சில ரூபாய்க்கு வாங்கும் அந்தப் பொட்டலம் அன்று இருந்திருந்தால், அந்தக் கவிதைக்கு அவசியமே வந்திராது.

கல்லும் சுண்ணாம்பும்

வயதை அடுத்து, எதனால் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய பெரிய நினைவுச் சின்னங்கள் எல்லாம் உள்ளே வெறும் செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு. வங்காளம் ஆற்று வண்டல் படிந்த பூமி. தோண்டினால் களிமண்தான் வரும், கல் வராது. எனவே செங்கல் சுட்டுக் கட்டி, கல்போலத் தோன்றும்படி சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தார்கள். சுண்ணாம்பை அக்கால ஆங்கிலேயர் ‘சுனம்’ என்றே எழுதினார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் சலவைக்கல்போல் பளபளக்கும் சென்னைப் பூச்சுக்கு அவர்களிடையே பெரிய பெயர். எழுத்துப் பொறிக்கும் பலகைக்கு மட்டும் கல் வேண்டும். அது வெளியூரிலிருந்து வரவேண்டும். ஆகையால் விலை அதிகம். பெரிய கல்பலகை என்றாலே பணமும் செல்வாக்கும் இருந்த குடும்பம் என்று கொள்ளலாம்.

சின்னங்களுக்கும் பொருள் உண்டு. பாதியில் முறிந்த தூண் என்றால் பாதியில் முறிந்த ஆயுள். தலைகீழாகப் பிடித்த பந்தம் அணைந்த உயிரைக் குறிக்கும். துணி போர்த்திய கலயம் துக்கத்தின் அடையாளம். அதற்கும் முந்திய காலத்துக் கற்களில் மண்டையோடும் எலும்பும் இருக்கும். பார்ப்பவர்களுக்குத் தங்கள் முடிவை நினைவூட்டுவதற்காக அப்படிச் செதுக்கினார்கள்.

மூன்று மனிதர்கள், ஒரு வெறுங்கல்

தோட்டத்தின் நடுவே வானை நோக்கி உயர்ந்து நிற்கும் கூர்நுனித் தூண் சர் வில்லியம் ஜோன்சுடையது. 1783இல் நீதிபதியாகக் கல்கத்தா வந்தவர். 1784இல் ஆசியக் கழகத்தை நிறுவியவர். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் தந்தவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருக்கவேண்டும் என்று 1786இல் எடுத்துச் சொன்னவர். இத்தனையும் செய்து முடித்து, 1794 ஏப்ரலில் இறந்தபோது அவருக்கு வயது 47தான். மனைவி உடல்நலம் கெட்டுச் சில மாதங்களுக்கு முன்பே கப்பல் ஏறியிருந்தார். கடைசி நேரத்தில் அருகில் இல்லை. தன் கல்லறை வாசகத்தை ஜோன்ஸ் தாமே எழுதி வைத்திருந்தார். கடவுளுக்கு அஞ்சியவன், மரணத்துக்கு அஞ்சாதவன் என்ற பொருளில் அது தொடங்குகிறது.

இன்னொரு பக்கம் இந்துக் கோயில் விமானத்தைப்போல ஒரு கல்லறை. அயர்லாந்தில் பிறந்த மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட் 1828இல் இறந்தவர். தினமும் கங்கையில் குளித்து, விக்கிரகங்களைச் சேர்த்து வைத்து வாழ்ந்ததால் ‘இந்து ஸ்டூவர்ட்’ என்றே பெயர் பெற்றார். அவர் சேர்த்த சிற்பங்களில் பல பின்னர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மனிதரோ கிறிஸ்தவ இடுகாட்டில், கோயில் வடிவக் கல்லறையின் கீழ் கிடக்கிறார். இரண்டு உலகங்களில் ஒரே நேரத்தில் வாழ்ந்த மனிதரைப் பற்றி அந்தக் கட்டடம் சொல்வதைவிட ஒரு புத்தகம் அதிகமாகச் சொல்லிவிடாது.

மூன்றாமவர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. போர்த்துக்கீசிய வழிவந்த குடும்பம், கல்கத்தாவிலேயே பிறப்பு. இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, எதையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர். அதனாலேயே 1831இல் வேலை போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் காலராவில் உயிரும் போயிற்று. வயது 22. வங்காளத்தின் விழிப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவராக இன்றும் அவரைப் பேசுகிறார்கள்.

இனி ஒரு வெறுங்கல். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் மகன் வால்டர், ராணுவத்தில் சேர்ந்து இந்தியா வந்து, 1863ஆம் ஆண்டின் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தான். அவனுக்கும் வயது 22. அவனுடைய முழுப்பெயர் வால்டர் லாண்டர் டிக்கன்ஸ். ரோஸ் ஐல்மரைப் பாடிய அதே கவிஞரின் பெயரைத்தான் தகப்பனார் மகனுக்கு வைத்திருந்தார். அவனைப் புதைத்தது பவானிப்பூர் ராணுவ இடுகாட்டில். 1987இல் அந்தக் கல்லை மட்டும் எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். ஆகவே கல் இருக்கும் இடத்தில்தான் உடலும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. இது கல்லறை படிப்பவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய முக்கியமான பாடம்.

பல்லாவரம் வந்த வழி

இதைவிடப் பழைய கற்களைப் பார்க்கவேண்டுமானால், ராஜ்பவனுக்கு அருகில் உள்ள புனித ஜான் ஆலயத்துக்குப் போகவேண்டும். முன்பு சொன்ன, நிறைந்துபோன பழைய இடுகாடு இதுதான். அதன்மேல் ஆலயம் எழும்பி 1787இல் திறக்கப்பட்டது. இடிந்துகிடந்த பழைய கல்லறைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றிவிட்டு, பலகைக் கற்களை மட்டும் ஒரு மண்டபத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். அந்த எண்கோண மண்டபம் ஜோப் சார்னாக்குடையது. 1690இல் சுதாநுதியில் வந்திறங்கிக் கும்பினியின் குடியிருப்பை நிலைநாட்டியவர். அவரைக் கல்கத்தாவின் ஸ்தாபகர் என்று பள்ளிப் புத்தகங்களில் வெகுகாலம் எழுதிவந்தார்கள். இந்த ஊருக்கு அப்படி ஒரு தனி ஸ்தாபகரோ பிறந்த நாளோ இல்லை என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மண்டபத்துக்குள் கருநிறத்தில் ஒரு கல். லத்தீன் எழுத்து. நம்மவர்கள் அங்கே நின்று கவனிக்கவேண்டியது அந்தக் கல்லைத்தான். வங்காளத்தில் இல்லாத இந்தக் கல் எங்கிருந்து வந்தது? இந்திய நிலவியல் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் இதை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டார். 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரால் ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். இன்று உலகில் எந்த மூலையில் இந்தப் பாறை கிடைத்தாலும் நிலவியல் மாணவர்கள் சொல்வது அந்தப் பெயரைத்தான். பல்லாவரம் பக்கத்துப் பாறையை 1975இல் தேசிய நிலவியல் சின்னமாகவும் அறிவித்தார்கள். மின்சார ரயிலில் பல்லாவரத்தைக் கடந்து தாம்பரம் போகும்போது இடையில் தெரியும் குன்றுகளின் உடன்பிறப்பு இங்கே ஹூக்ளிக் கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கிறது.

அந்தக் கல்லில் உள்ள தேதி 10 ஜனவரி 1692. ஆனால் புத்தகங்களில் சார்னாக் 1693இல் இறந்தார் என்று இருக்கும். இரண்டும் சரிதான். 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. நமக்குத் தை, மாசி, பங்குனி எல்லாம் பழைய ஆண்டோடு சேர்ந்து, சித்திரையில் புத்தாண்டு பிறப்பதுபோல, அவர்களுக்கும் ஜனவரி பழைய ஆண்டோடு சேர்ந்தது. பழைய ஆங்கிலக் கற்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைவில் வைக்கவேண்டும்.

கல்லின் வாசகம் என்ன சொல்கிறது? தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் நெடுங்காலம் வழிப்போக்கனாகத் திரிந்தபின் தன் நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்ற கருத்தில் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லின்மேல் அந்த வாசகத்தைப் படிக்கும்போது, சார்னாக்கின்மேல் தனி அன்பு ஏதும் இல்லாத எனக்குக்கூட மனம் ஒரு நிமிஷம் நின்றுபோகிறது.

கல் சொல்லாதது

இப்போது கல்லில் இல்லாததைப் பார்ப்போம். சார்னாக்கின் மனைவி ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏறவிருந்தவளை அவர் காப்பாற்றி மணந்தார் என்று ஹாமில்டன் எழுதிய கதை பிரபலம். கதை எவ்வளவு உண்மையோ, அப்படி ஒரு மனைவி இருந்தது உண்மை. அவர்களுக்குப் பிறந்த மூன்று பெண்களும் 1689இல் சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெண்களில் இருவரின் நினைவுக்கற்கள் அந்த மண்டபத்துக்குள் இருக்கின்றன. தாயாருக்குக் கல் இல்லை; பெயரும் இல்லை.

அதே வளாகத்தில் இன்னொரு கல்லறை இதற்கு நேர்மாறானது. அந்த அம்மாளின் வாழ்க்கை வரலாறு முழுவதும் கல்லிலேயே இருக்கிறது. பிரான்சிஸ் ஜான்சன் என்ற ‘பேகம் ஜான்சன்’ 1725இல் பிறந்தது நம் கடலூரில். தகப்பனார் அங்கே புனித டேவிட் கோட்டையில் கவர்னராக இருந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். முதல் கணவர் இறந்தார். அவர்களுடைய இரண்டு குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்தன. இரண்டாம் கணவர் கல்யாணமான சில நாட்களுக்குள் பெரியம்மையில் போனார். மூன்றாம் கணவர் வில்லியம் வாட்ஸ், பிளாசிச் சதியில் கிளைவுக்கு வலக்கையாக இருந்தவர். அவரும் இறந்தபின் 1774இல் ஒரு பாதிரியாரை மணந்தார். அந்தப் பாதிரியார் இங்கிலாந்து திரும்பியபோது இந்த அம்மாள் உடன்போக மறுத்துக் கல்கத்தாவிலேயே இருந்துவிட்டார். 1812 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்தின் பிரதமர் ஆனார்.

இத்தனையும் எழுதிய கல், தகப்பனாரைக் கவர்னர் என்று சொல்கிறது. தாயார் போர்த்துக்கீசிய-இந்திய வழிவந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தி அதில் இல்லை. இங்கேயும் தாய்வழிதான் விட்டுப்போயிற்று.

பார்க் தெருவிலும் இப்படித்தான். பல்லக்குத் தூக்கியவர்கள், சமைத்தவர்கள், குழந்தை வளர்த்த ஆயாக்கள், கல்லறைக்கே செங்கல் சுட்டு, சுண்ணாம்பு தேய்த்து, தெரியாத மொழியின் எழுத்தைப் பிசகாமல் செதுக்கிய கைகள் ஆகியோரின் பெயர்களை அங்கே தேடினால் கிடைக்காது. கல் பொய் சொல்லவேண்டியதில்லை. யாருக்குக் கல் வைக்கவில்லை என்பதே ஒரு செய்திதான். கல்லில் உள்ள புகழுரைகளையும் அப்படியே நம்பவேண்டாம். இறந்தவரைப் பற்றி யாரும் குறை எழுதமாட்டார்கள். ஆலயத்துப் பதிவேடு, உயில், பழைய பத்திரிகை ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

போனவை, பிழைத்தவை

பார்க் தெருவின் வடக்குப் பக்கத்திலும் ஓர் இடுகாடு இருந்தது. கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேயின் தகப்பனார் 1815இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த இடுகாடு அகற்றப்பட்டது. இன்று அங்கே கட்டடங்கள் நிற்கின்றன. கல் போய்விட்டாலும் எழுத்து போகாமல் இருப்பதற்குக் காரணம், யாரோ சிலர் பொறுமையாக நகல் எடுத்து வைத்ததுதான். 1848இல் வங்காளக் கல்லறை வாசகங்கள் ஒரு பெரிய புத்தகமாக வெளிவந்தன. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தார். 1976இல் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் இன்றும் அந்தப் பணியைச் செய்கிறது.

விடுமுறைக்கு ஊர் போகும்போது சென்னையிலும் இதைப் பார்க்கலாம். கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருப்பவை எல்லாம் கல்லறைப் பலகைகள். அவற்றின் கீழ் உடல்கள் இல்லை. கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டின் கட்டடங்கள் 1758-59இல் பிரெஞ்சுக்காரர் முற்றுகையின்போது எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. அதனால் பிறகு அவற்றை இடித்து, பலகைகளை இங்கே கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று 1652ஆம் ஆண்டினது. கப்பல் பயணத்திலேயே இறந்துபோன எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையில் அல்லது மாலையில் போங்கள். வெயில் சாய்வாக விழும்போது மங்கிய எழுத்தும் தெரியும். எழுத்து தெரியவில்லையே என்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், அமிலம் ஊற்றிக் கழுவுவதும் கூடாது; இருநூறு ஆண்டு மழை செய்யாத கெடுதியை அவை ஒரு நாளில் செய்துவிடும். கைபேசியில் படம் எடுத்தால் போதும். நகல் எடுக்கும்போது பிழைகளையும் அப்படியே எழுதுங்கள். மழைக்காலத்தில் புதர்ப் பக்கம் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.

நமக்குக் கல் எது?

நம்மிலும் கல்லில் எழுதும் வழக்கம் இல்லாமல் இல்லை. ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்தவனுக்கு நடுகல் நட்டு, பெயரும் ஊரும் எப்படி இறந்தான் என்பதும் பொறித்தவர்கள் நம் முன்னோர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006இல் கிடைத்தன. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல்லில், மகேந்திரவர்மன் காலத்தில் வீரன் ஒருவனோடு காவல் நின்ற நாயின் பெயர்கூட இருக்கிறது.

ஆனால் இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நம்மில் பெரும்பாலோர் எரிப்பவர்கள். என் தகப்பனார் இந்த நகரில் முப்பது ஆண்டுக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்து, லேக் மார்க்கெட் அருகே ஒரே வாடகை வீட்டில் இருந்து, இங்கேயே காலமானார். கேவ்ராதலாவில் தகனம், அஸ்தி கங்கையில். சொந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் இன்று யாரும் இல்லை. இந்த ஊரில் அவர் வாழ்ந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மரணச் சான்றிதழும் நான்கைந்து புகைப்படங்களும்தான் சாட்சி. புகைப்படங்களின் பின்பக்கம் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. என் தாயாரைப் பற்றியோ அதுவும் இல்லை. ரேஷன் அட்டையில் ஒரு வரி. பெண்களின் பெயர் விட்டுப்போவதற்குச் சார்னாக் காலத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை.

எரிப்பதில் குறை ஒன்றும் இல்லை. அது நம் மரபு. குறை எழுதி வைக்காததில் இருக்கிறது. பார்க் தெருவில் கிடப்பவர்களும் நம்மைப்போல் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தாம். அவர்கள் அதிகாரத்தோடு வந்தார்கள், நாம் அப்படி வரவில்லை என்பது பெரிய வித்தியாசம். கல் வைக்க அவர்களுக்கு வசதி இருந்தது. நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கம் எழுதுங்கள். முதலில் இந்த ஊருக்கு வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, யார் சொல்லி வந்தார், என்ன வேலை, எந்தத் தெருவில் குடியிருந்தார், கூட வந்த பெண்ணின் பெயர் என்ன, அவள் பிறந்த ஊர் எது, இங்கே பிறந்த குழந்தைகள், இங்கே இறந்தவர்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பென்சிலில் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள். அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டி நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரியில் வைத்தால், இங்கே வாழ்ந்து மறைந்த தமிழர்களுக்கு அதுவே நடுகல். இந்த வார விடுமுறையிலேயே ஒரு தாளை எடுத்து, உங்கள் பாட்டியின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.